இரண்டு முதுகலைப் பட்டம், ஒரு கோச்சிங் சென்டர் ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 33 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தரக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சமூகவியலை 53 சதவீத மதிப்பெண்ணுடன் முடித்தவர், பிறகு நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய் எம்.ஏ. குற்றவியலை 61 சதவீதத்துடன் முடித்திருக்கிறார். குழந்தைகள் பாதுகாப்புக்காக இயங்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் பணியாற்றி, மகள் பிறந்ததும் வேலையை விட்டிருக்கிறார். மகள் இப்போது பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால், வீட்டிலிருந்தபடியே சமூகவியலுக்கும் குற்றவியலுக்கும் டியூட்டராக வேண்டும் என்பது அவர் எண்ணம். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். கணவர் தனியார் நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்.

சென்னையில் உள்ள ஐஏஎஸ் பயிற்சி மையம் ஒன்று அவரை ஆன்லைன் வகுப்புக்கு அழைத்து, மாதம் 22,000 ரூபாய் தருவதாக ஒப்பந்த நகலை அனுப்பியிருக்கிறது. அதன்படி இரண்டு ஆண்டுகள் கட்டாயம் பணியாற்ற வேண்டும். இடையில் விலகினால் 3 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். விலகிய பிறகு மூன்று ஆண்டுகளுக்கு வேறு எங்கும் இந்தப் பாடங்களைக் கற்பிக்கக் கூடாது. தயாரிக்கும் குறிப்புகளும் வீடியோக்களும் மையத்துக்கே சொந்தம். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். விளம்பரத்தில் அவரைக் 'குற்ற உளவியல் நிபுணர்' என்று குறிப்பிடப்போவதாகவும், பழைய பணியில் பார்த்த 'உண்மைச் சம்பவங்களை' யூடியூப் வீடியோக்களாகப் பேசித் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். வழக்கறிஞராக இருக்கும் உறவினர் ஒருவரோ, "பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது, தைரியமாகக் கையெழுத்துப் போடு" என்கிறாராம். பி.எச்டி. இல்லாததால் கல்லூரி வேலைக்கு இனி வழியே இல்லை என்றும், தொலைநிலையில் வாங்கிய பட்டம் செல்லாது என்றும் தானாகவே முடிவு செய்துகொண்டு, இந்த வாய்ப்பையும் விட்டால் வேறு கிடைக்காது என்ற அச்சத்தோடு கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் அச்சத்துக்கு அடிப்படையாக இருக்கும் இரண்டு நம்பிக்கைகளுமே தவறானவை. அவற்றை முதலில் சரிசெய்துகொண்டால், அந்த ஒப்பந்தத்தை இவ்வளவு பணிவோடு பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்காது.

முதலில் தொலைநிலைப் பட்டம். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம், அந்தக் கல்வியாண்டில் அந்தப் பாடத்தைத் தொலைநிலையில் நடத்த அனுமதி பெற்றிருந்தால், அதில் பெற்ற பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரிலும் தெளிவாக அறிவித்திருக்கிறது. நீங்கள் சரிபார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் சேர்ந்த ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பாடத்தை நடத்த அனுமதி இருந்ததா என்பது. இருந்தால் கவலையில்லை.

அடுத்தது பி.எச்டி. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராகச் சேர பி.எச்டி. கட்டாயம் என்று சொன்னது உண்மை. அது நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, கடைசியில் 2023 ஜூலை 1 முதல் நெட், செட், ஸ்லெட் ஆகிய தகுதித் தேர்வுகளில் ஒன்றே குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. விருப்பத்துக்கு உரியது என்று மாற்றப்பட்டது. நேர்காணலில் பி.எச்டி. வைத்திருப்பவருக்குக் கை ஓங்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு அந்தக் கதவு சாத்தப்படவில்லை. ஒரு பயிற்சி மையத்திலோ வீட்டிலோ டியூட்டராக இருப்பதற்கு நெட்டும் தேவையில்லை, பி.எச்டி.யும் தேவையில்லை. பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் ஆசிரியருக்குக் குறைந்தபட்சம் பட்டப்படிப்பு வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

எந்தப் பாடத்தை முன்னால் வைப்பது

இரண்டு பாடங்களையும் ஒரே தட்டில் வைத்து விற்கலாம் என்று நினைக்கிறீர்கள். இங்கே நான் உங்களோடு உடன்படவில்லை. டியூஷன் என்பது பாடத்தின் பெருமையால் நடப்பதில்லை, அந்தப் பாடத்தில் எவர் தேர்வு எழுதுகிறார் என்பதால் நடக்கிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் சமூகவியல் ஒரு விருப்பப் பாடம். 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள், மொத்தம் 500. குற்றவியல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சிபிஎஸ்இ பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் சமூகவியல் உண்டு, ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. படிக்கும் மாணவர்களுக்கும் சமூகவியல் உண்டு. குற்றவியலுக்கோ, தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் துறைகள் இருக்கின்றன. அங்கே படிப்பவர்களும் நெட் எழுதுபவர்களும்தான் உங்கள் மாணவர்கள். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எழுதுபவர்கள் வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தேர்வில் குற்றவியல் தனிப்பாடமாக இல்லை. வந்தவர்களும் பொது அறிவு எடுங்கள் என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே பெயர்ப்பலகையில் சமூகவியல் இருக்கட்டும். குற்றவியலை அந்தச் சமூகவியலுக்குள் கொண்டுவாருங்கள், ஏனென்றால் உங்களை மற்ற டியூட்டர்களிடமிருந்து வேறுபடுத்துவது அதுதான். குடிமைப் பணித் தேர்வின் சமூகவியல் முதல் தாளுக்கான பாடத்திட்டத்தைப் பாருங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனின் பெயரில் 'இணக்கமும் பிறழ்வும்' (சமூக விதிகளுக்கு இணங்குவதும் அவற்றை மீறுவதும்) இருக்கிறது. பிரெஞ்சு சமூகவியலாளர் துர்க்கைமின் பெயரில் தற்கொலை பற்றிய ஆய்வு இருக்கிறது. பெரும்பாலான குறிப்புகள் இவற்றை நான்கு வரியில் முடித்துவிடுகின்றன. குற்றவியல் படித்த உங்களால் இங்கே ஒரு முழு வகுப்பு எடுக்க முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒருவர் செய்த செயலால் அல்ல, சமூகம் அவர் மேல் ஒட்டும் முத்திரையால்தான் 'குற்றவாளி' உருவாகிறார் என்ற முத்திரைக் கோட்பாட்டை, அமெரிக்க நகரங்களின் கதையை வைத்து நடத்தினால் மாணவர் மனப்பாடம் செய்துகொண்டு போவார். அதையே 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கு வருகிறது. பிறந்த சாதியை வைத்தே ஒருவர் கைரேகை பதிய வேண்டியவராகிறார். ஊரை விட்டு வெளியே தங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியவராகிறார். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துத் திரண்ட பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுடுகிறது. 1952இல் நாடு முழுவதும் சட்டம் நீங்கிய பிறகும், முன்பு குற்றப் பரம்பரையாகப் பட்டியலிடப்பட்ட சமூகங்களுக்கு இடப்பட்ட 'சீர்மரபினர்' என்ற பெயரிலேயே அந்தப் பழைய பட்டியலின் தடம் நிற்கிறது. முத்திரையை யார் குத்தினார்கள், எந்த அதிகாரத்தால், அது எத்தனை தலைமுறைக்கு ஒட்டியது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும், கோட்பாடு தானாகவே விளங்கிவிடும். இரண்டாம் தாளில் வரும் சாதி, பழங்குடி, காலனிய ஆட்சியின் தாக்கம் ஆகிய தலைப்புகளுக்கும் இதே வகுப்பு உதவும்.

இன்னொன்று, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை. வழக்குகள் அதிகம் பதிவான மாநிலத்தில் குற்றம் அதிகம் என்றுதான் மாணவர் எழுதுவார். ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள் என்பதையும், புகாரை வாங்கிப் பதிவு செய்யும் காவல் நிலையங்கள் உள்ள மாநிலம் எண்ணிக்கையில் மோசமாகத் தெரியும் என்பதையும் அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

தமிழில் எழுதுபவர்களை மறக்க வேண்டாம். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டு. ஆனால் சமூகவியலுக்குத் தமிழில் தரமான குறிப்புகள் அரிது. நீங்கள் கடிதம் எழுதியிருக்கும் தமிழைப் பார்த்தால், உங்களால் அதைச் செய்ய முடியும் என்று தோன்றுகிறது. விடைத்தாள் திருத்தித் தருவதிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாணவரின் பத்து மதிப்பெண் விடையை எடுத்து, எந்த வரி வெறும் செய்தி, எந்த வரி சமூகவியல் என்று ஓரத்தில் குறித்துத் தரும் டியூட்டரை மாணவர்கள் விடமாட்டார்கள்.

ஒரு முன்னெச்சரிக்கையும் உண்டு. நீங்கள் குற்றவியல் முடித்தபோது இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனுடன் வந்த மற்ற இரண்டு சட்டங்களும் அமலில் இருக்கின்றன. 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்குப் போய்விட்டது. சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவை ஒரு தண்டனையாக வந்திருக்கிறது. பழைய நோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டாம்.

ஒப்பந்தம்

உங்கள் உறவினர் சொன்னது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பிக் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. எனவே விலகிய பிறகு மூன்று ஆண்டுகள் எங்கும் கற்பிக்கக் கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றத்தில் நிலைநிறுத்துவது அவர்களுக்குக் கடினம். ஆனால் பணியில் இருக்கும் காலத்துக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடு வேறு. குறைந்தபட்சக் காலம் பணியாற்றாவிட்டால் இழப்பீடு என்ற நிபந்தனையும் வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, அதிகாரி நிலைப் பணி, மறுபடி ஆள் எடுக்க ஆகும் செலவு என்ற சூழலில் வந்த தீர்ப்பு. உங்கள் நிலை வேறு என்று வாதிட இடம் உண்டு. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது என்றும் வாதிடலாம். ஆனால் மாதம் 22,000 வாங்கிக்கொண்டு அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நடத்த உங்களுக்கு வசதியும் நேரமும் இருக்கின்றனவா என்று யோசியுங்கள். பாண்டு கோர்ட்டில் நிற்காமலே போகலாம். அதுவரை வழக்கறிஞர் நோட்டீஸ் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலை இரண்டு முறை படித்ததில் ஒன்று கண்ணில் பட்டது. சம்பளம் பற்றிய பத்தியில் உங்களைக் 'கன்சல்டன்ட்' என்கிறார்கள். அதனால் வருங்கால வைப்பு நிதி கிடையாது, விடுப்பு கிடையாது, தொழில்முறைக் கட்டணம் என்று வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். நான்கு பக்கம் தள்ளி, காலை 9 மணி முதல் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது, விடுப்புக்கு முன் அனுமதி வேண்டும், தயாரிப்பதெல்லாம் மையத்துக்குச் சொந்தம் என்று ஊழியருக்குரிய கட்டுப்பாடுகள் அத்தனையும் வருகின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஊழியர் என்றால் ஊழியருக்குரிய பயன்களைத் தரட்டும். அப்படியானால் பணியின் பகுதியாக நீங்கள் எழுதும் குறிப்புகளின் பதிப்புரிமை பொதுவாக அவர்களுக்குப் போகும். கன்சல்டன்ட் என்றால் பதிப்புரிமை உங்களுடையது; அவர்களுக்கு வேண்டுமானால் எழுத்து மூலம், எவ்வளவு காலத்துக்கு, என்ன தொகைக்கு என்று குறிப்பிட்டு வாங்கிக்கொள்ளட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நீங்கள் தயாரித்து வைத்திருக்கும் குறிப்புகளைப் பட்டியலிட்டு, அவை இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

அசல் சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்க வேண்டும் என்றால் நேரில் காட்டிவிட்டு, சான்றொப்பமிட்ட நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையை எந்தச் சட்டமும் அவர்களுக்குத் தரவில்லை. ஆனால் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க அலைவது உங்கள் பாடு.

விளம்பரமும் வீடியோவும்

'குற்ற உளவியல் நிபுணர்' என்ற அடைமொழி வேண்டவே வேண்டாம். குற்றவியல் முதுகலையில் உளவியல் ஒரு பகுதி. அது உங்களை உளவியல் நிபுணர் ஆக்காது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மைய விளம்பரங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஆசிரியரின் தகுதி பற்றிப் பொய்யாகச் சொல்வதைத் தடை செய்கின்றன. நோட்டீஸ் மையத்துக்கு வரும். பெயர் உங்களுடையதாக இருக்கும்.

யூடியூப் வீடியோ விஷயம் இதைவிடத் தீவிரமானது. நீங்கள் இதை உங்கள் பலமாக எழுதியிருப்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள், போதாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி மட்டுமல்ல, அடையாளம் தெரிய வழிசெய்யும் எந்த விவரத்தையும் வெளியிடுவதைத் தடுக்கிறது; மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பாலியல் குற்றங்கள் தொடர்பான வழக்குகளில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். சிறு ஊர்களில் "அப்பா லாரி ஓட்டுநர், அம்மா இறந்துவிட்டார், எட்டாம் வகுப்பு" என்று சொன்னாலே எந்த வீட்டுப் பிள்ளை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அந்தக் குழந்தைகளும் குடும்பங்களும் உங்களிடம் பேசியது நீங்கள் இருந்த பொறுப்பை நம்பித்தான். அந்த அனுபவம் உங்கள் கேள்விகளைக் கூர்மையாக்கட்டும். கதையாக வெளியே வர வேண்டாம். எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் வெளியான தீர்ப்புகள் இருக்கின்றன, அரசு அறிக்கைகள் இருக்கின்றன, மேலே சொன்னதுபோல வரலாறு இருக்கிறது. பயிற்சி மையம் வற்புறுத்தினால், அது ஒன்றுக்காகவே இந்த வேலையை மறுக்கலாம்.

நெட் தேர்வும் வயதும்

சமூகவியலில் 53 சதவீதம்தான், 55 வேண்டும் என்பதால் நெட்டுக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிரீமி லேயருக்குள், அதாவது சலுகை கிடைக்காத வசதியான பிரிவுக்குள், வராத இதர பிற்படுத்தப்பட்டோருக்கு (ஓபிசி) 50 சதவீதம் போதும். உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டும். கணவரின் சம்பளம் அதிகம் என்பதால் கிரீமி லேயர் ஆகிவிடுவேன் என்று நினைத்திருக்கிறீர்கள். அது பெற்றோரின் நிலையை வைத்துத்தான் முடிவாகும். கணவரின் வருமானம் கணக்கில் வராது. இ-சேவை மையத்திலேயே கணவரின் சம்பளச் சீட்டைக் கேட்பவர்கள் உண்டு. பெற்றோரின் ஆவணங்களோடு போய் வட்டாட்சியர் அலுவலகத்தில் பொறுமையாக விளக்குங்கள்.

உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட்டில் வயது வரம்பு இல்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு மட்டும் 30 வயது; பெண்களுக்கும் ஓபிசி பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு, ஆனால் இரண்டையும் கூட்டிப் பத்தாக்க முடியாது. ஆகவே 35 வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் தேர்வு இது. ஒரு முறைக்கு ஒரு பாடம்தான் எழுத முடியும். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும் என்பதால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முதலில் சமூகவியலை எழுதுங்கள், ஏனென்றால் வகுப்புக்கான தயாரிப்பும் தேர்வுக்கான தயாரிப்பும் ஒன்றாகவே நடக்கும். கல்லூரிகளில் பணியிடமும் அதற்கே அதிகம். பிறகு குற்றவியலையும் எழுதலாம்.

டியூஷன் எடுப்பதை வேலை என்று மாமியார் ஏற்றுக்கொள்ளமாட்டார் என்ற வருத்தத்துக்கு என்னிடம் சட்டப் பிரிவு ஏதும் இல்லை. வகுப்பு நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும், அந்த இரண்டு மணி நேரம் மகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும் என்று கணவரிடம் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பயிற்சி மையத்துக்கு இன்றே பதில் எழுதலாம். தொலைபேசியில் பேச வேண்டாம், மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். வகுப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஆறு மாத ஒப்பந்தம், இரு தரப்புக்கும் 30 நாள் முன்னறிவிப்பு, அபராதத் தொகையும் விலகிய பின் வேறு எங்கும் கற்பிக்கக் கூடாது என்ற தடையும் நீக்கம், சான்றிதழ் நகல் மட்டும், உங்கள் படிப்பை உள்ளது உள்ளபடி குறிப்பிடும் விளம்பரம், பழைய பணி பற்றிய வீடியோ இல்லை என்று கேளுங்கள். மாதிரி வகுப்புக்கு அழைத்தால் முத்திரைக் கோட்பாட்டையே எடுங்கள். அந்தப் பதிவை உங்கள் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்பதையும் அதே மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.